தொழிலும் தொட்டிலும்

மடியில் வைத்து எழுதக்கூடிய ஒரு கணினியும் அதனை உலகத்தோடு இணைக்கும் இணையத் தொடர்பும் இருந்தாற் போதும்; மனிதன் எங்கிருந்தும் உழைக்கலாம், ஊர் ஊராகச் சென்றுகொண்டும் உழைக்கலாம், மனைவி மக்களைப் பிரியாமலும் உழைக்கலாம் என்பது இன்று பரவலாகப் பேசப்படும் ஒரு நற்செய்தியாகும். இச்செய்தியை முற்றாகப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதனை முற்றிலும் புதியதென்று கொள்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. வீட்டிலிருந்து பிறருக்காக உழைப்பதும், குடும்பத்தோடு வழிநெடுக உழைத்துச் செல்வதும் கணினிக்கு மிகவும் முந்தியவை. அவ்வாறு வாழ்ந்த மக்கள் யாவர், அவர்கள் கொடுத்த விலை யாது, அந்நிலையை அவர்கள் எவ்வாறு மாற்றினர் என்பவற்றை அறிந்தாலன்றி இன்றைய நற்செய்தியின் நிறையை நாம் அளந்தறிய இயலாது. இயந்திர முதலாளித்துவம் முதன்முதலாகத் தோன்றிய நாடு இங்கிலாந்து ஆகையால், அந்நாட்டின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இவ்விடயத்தை ஆராய்வோம். பின்னர் எமது காலத்துக்கும் எமது நாட்டுக்கும் வருவோம்.

வீடே பட்டறையாக இருந்த காலம்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தின் கம்பளித் தொழில் பெரும்பாலும் குடிசைகளிலேயே நடைபெற்றது. வணிகன் கம்பளியைக் கொண்டுவந்து கொடுப்பான். பிள்ளைகள் அதனைச் சிக்கெடுப்பர், மனைவி நூற்பாள், கணவன் நெய்வான். முடிந்த துணியை வணிகன் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுப்பான். தறியும் தொட்டிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட 'இங்கிலாந்திலே தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' என்னும் நூலின் தொடக்கத்தில் இவ்வாழ்க்கையை ஓரளவு பரிவோடு சித்திரித்துள்ளார். அம்மக்கள் தம் விருப்பம்போல் உழைத்து ஓய்ந்தனர் என்றும், எனினும் அறிவுலகைப் பொறுத்தவரையில் அவர்கள் உறங்கிக் கிடந்தனர் என்றும் அவர் கருதினார்.

அவ்வாழ்க்கையைப் பொற்காலமாகக் காட்டுவோர் இரண்டு உண்மைகளை மறந்துவிடுகின்றனர். மூலப்பொருள் வணிகனுக்கே உரியது. விலையை நிர்ணயிப்பவனும் அவனே. நெசவாளி தன் நேரத்துக்கு எசமானனாகத் தோன்றினான்; தன் உழைப்பின் பயனுக்கு அவன் எசமானனாக இருக்கவில்லை. 1844இல் ஜேர்மனியின் சிலேசியாப் பகுதியில் நெசவாளர் கிளர்ந்தெழுந்து வணிகரின் மாளிகைகளை உடைத்தமைக்குக் காரணம் இதுவே. அவர்கள் ஆலைத் தொழிலாளர் அல்லர். தத்தம் வீடுகளில் இருந்து நெய்தவர்கள்.

1771இல் றிச்சட் ஆர்க்றைற் என்பவர் குறொம்ஃபோட் என்னுமிடத்தில் நீராற்றலால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். அன்று தொடங்கிய மாற்றம் தொழிலை வீட்டினின்றும் பிரித்தது. ஆலை மணி மனிதனின் நாளை ஆளத் தொடங்கியது. வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இம்மாற்றத்தை விளக்கியுள்ளார். முன்னர் மனிதன் கைவேலை முடியும்வரை உழைத்தான்; முடிந்ததும் ஓய்ந்தான். திங்கட்கிழமையையும் விடுமுறையாக்கிக்கொள்ளும் வழக்கம் கைவினைஞரிடையே பரவியிருந்தது. ஆலை வந்தபின் காலம் 'கழிப்பதற்கு' உரியதன்று, 'செலவழிப்பதற்கு' உரியதாயிற்று, நேரம் நாணயமாயிற்று.

இப்பிரிவினையின் மற்றொரு விளைவு இன்றுவரை நிலைத்துள்ளது. கூலி கிடைக்கும் இடம் 'வேலைத்தலம்' எனப்பட்டது. கூலி கிடைக்காத இடம் 'வீடு' எனப்பட்டது. சமைத்தல், துவைத்தல், பிள்ளை வளர்த்தல் ஆகியன வேலை என்ற பெயரையே இழந்தன. முன்னர் பெண்ணின் உழைப்பு குடும்பத் தொழிலின் வெளிப்படையான ஓர் அங்கமாக இருந்தது. பின்னர் அது எவர் கணக்கிலும் ஏறாத ஒன்றாயிற்று. வீட்டிற்குள் தொழில் மீண்டும் நுழையும் ஒவ்வொரு முறையும், கணக்கில் ஏறாத இவ்வுழைப்பு அங்கே ஏற்கெனவே குடியிருக்கின்றது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

மிதக்கும் வீடுகள்

பயணமும் தொழிலும் குடும்பமும் ஒன்றாய் இணைந்த வாழ்க்கைக்கு வரலாற்றிலே தெளிவான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. அது இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுக் குடும்பங்களின் கதை.

1761இல் பிறிஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் நிலக்கரியும் இரும்பும் மட்பாண்டங்களும் கால்வாய் வழியே நாடெங்கும் சென்றன. தொடக்கத்திற் படகோட்டிகளுட் பலருக்குக் கரையில் வீடிருந்தது. 1830இல் லிவர்பூலுக்கும் மாஞ்செஸ்டருக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் புகையிரதப் போட்டி கால்வாய்க் கட்டணங்களை வீழ்த்தியது. படகோட்டியின் வருமானமும் வீழ்ந்தது. கரையிலுள்ள வீட்டுக்கு வாடகை கொடுக்கவும், படகிற் கூலியாள் வைத்துக்கொள்ளவும் அவனால் இயலவில்லை. ஆகவே வீட்டைக் கைவிட்டு, மனைவி மக்களைப் படகில் ஏற்றினான். வாடகை மிச்சமாயிற்று, கூலியும் மிச்சமாயிற்று.

ஏழு அடி அகலமும் எழுபது அடி நீளமும் கொண்ட அப்படகிலே சரக்குக்கு ஒதுக்கிய இடம் போக எஞ்சியது ஏறத்தாழப் பத்தடி நீளமுள்ள ஓர் அறை மட்டுமே. அடுப்பும், மடித்து வைக்கும் படுக்கையும், கதவைத் திறந்தால் மேசையாகும் அலுமாரியும் அதற்குள் அடங்கின. குடும்பம் முழுவதும் அங்கேதான் உண்டு உறங்கியது. கரையோரம் குதிரையை நடத்திச் செல்வது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. மதகுகளைத் திறப்பதும் சுக்கான் பிடிப்பதும் மனைவியின் வேலை. கூலியோ சரக்கின் நிறைக்கும் பயணத்துக்கும் கணக்கிடப்பட்டுக் கணவன் கையிற் கொடுக்கப்பட்டது. மனைவியும் மக்களும் 'துணைக்குச் சென்றவர்கள்' என்றே கருதப்பட்டனர். குடும்பம் பிரியாமல் வாழ்ந்தது உண்மை. அவ்வொற்றுமை சரக்கு முதலாளிக்கு மலிவான உழைப்பாயிற்று என்பதும் உண்மை.

இம்மக்களின் அவலத்தை உலகறியச் செய்தவர் ஜோர்ஜ் சிமித் என்பவர். சிறுவனாகச் செங்கற்சூளையிலே உழைத்து வளர்ந்த இவர், முதலிற் செங்கற்சூளைச் சிறுவர்களுக்காகப் போராடினார்; பின்னர் படகுப் பிள்ளைகளுக்காகப் போராடினார். இவரது முயற்சியின் பயனாக 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் நிறைவேறின. குடியிருப்பாகப் பயன்படும் படகு ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். அதில் எத்தனை பேர் வாழலாம் என்று வரையறுக்கப்பட வேண்டும். பிள்ளைகளின் கல்வியைப் பொறுத்தவரை, படகு எந்த ஊரிற் பதிவாகியுள்ளதோ அந்த ஊரிலேயே அவர்கள் வசிப்பதாகக் கொள்ளப்பட வேண்டும் என அச்சட்டம் விதித்தது.

ஆசிரியர்களாகிய எமது வாசகர்கள் இறுதி விதியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைக்குச் சட்டம் ஒரு பள்ளியைக் கொடுத்தது. படகோ அப்பள்ளியை விட்டு நாள்தோறும் விலகிச் சென்றுகொண்டிருந்தது. சரக்கு இறக்கும் இடங்களிலே அரைநாள், ஒருநாள் பள்ளியில் அமர்ந்துவிட்டு மீண்டும் புறப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். எழுத்தறியாத பெற்றோருக்கு எழுத்தறியாத பிள்ளைகள் உருவாகும் நிலை 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் குடும்பத்துக்கு நிலைத்து நிற்கும் சமூக நிறுவனங்கள் எவ்வாறு கைகொடுக்க முடியும் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. பயணத்திலே பிள்ளைகளை வளர்க்கும் இன்றைய பெற்றோரும் இதே வினாவை எதிர்நோக்குகின்றனர். அவர்களிடம் பணமும் கணினியும் இருக்கின்றன என்பதே வேறுபாடு.

உலைக்களத்தின் அருகே

தொழில் ஆலைக்குச் சென்ற பின்னரும் வீட்டுத் தொழில் அழிந்துவிடவில்லை. ஆலை வாடகையையும், நிலக்கரிச் செலவையும், தொழிற்சாலைச் சட்டங்களையும் தவிர்க்க விரும்பிய முதலாளிகளுக்கு வீடு பயனுள்ள புகலிடமாயிற்று. சட்டைகள், தீப்பெட்டிகள், செயற்கைப் பூக்கள் ஆகியன லண்டன் நகரின் வறிய அறைகளிலே பெண்களாலும் சிறுவர்களாலும் செய்யப்பட்டன. 1906இல் லண்டனில் ஒரு நாளிதழ் ஒழுங்குசெய்த கண்காட்சியொன்று இவ்வுழைப்பாளரை மக்கள் முன்னிலையில் நிறுத்தியது. அது எழுப்பிய பொதுமக்கள் உணர்ச்சி 1909இன் தொழிற்சபைச் சட்டத்துக்கு வழிகோலிற்று. குறைந்த கூலித் தொழில்கள் சிலவற்றில் ஆகக்குறைந்த கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் அச்சட்டத்தின் மூலம் உருவாயிற்று.

அத்தொழில்களுள் ஒன்று சங்கிலி செய்தல். பேர்மிங்ஹாமுக்கு மேற்கே, நிலக்கரிப் புகையாற் கறுத்தமையால் 'கறுப்பு நாடு' எனப் பெயர்பெற்ற பகுதியிலே கிறேட்லி ஹீத் என்னும் சிற்றூர் உண்டு. நாம் மேலே கூறிய படகுகள் அப்பகுதிக் கால்வாய்களிலும் ஓடின. அங்கே பெண்கள் தம் வீட்டுக் கொல்லையிலுள்ள சிறிய உலைக்களங்களில் இரும்பைக் காய்ச்சி அடித்துச் சங்கிலி செய்தனர். கைக்குழந்தை உலையின் அருகே பெட்டியிற் கிடந்தது. நடக்கும் பிள்ளை தீப்பொறிகளுக்கிடையே விளையாடியது. இரும்பை இடைத்தரகன் கொண்டுவருவான். சங்கிலியை அவனே எடுத்துச் செல்வான். வாரம் 50 மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தும் ஏறத்தாழ 5 சிலிங்கே பலருக்குக் கிடைத்தது. 'வீட்டிலிருந்து உழைக்கிறாள், பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறாள்' என்பதே அக்குறைந்த கூலிக்குக் கற்பிக்கப்பட்ட நியாயம்.

1910இற் தொழிற்சபை மணிக்கு 2½ பென்ஸ் என்று கூலியை நிர்ணயித்தது. வாரத்துக்கு 54 மணித்தியாலம் உழைத்தால் 11 சிலிங்கும் 3 பென்ஸும் கிடைக்கும். அஃதாவது, முந்திய கூலியின் இரு மடங்குக்கும் மேல். முதலாளிகள் சட்டத்தில் ஒரு சந்தைக் கண்டனர். தொழிலாளி இணங்கினால் புதிய கூலியை ஆறு மாதம் வரை பின்போடலாம். எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள் பலரிடம் விடயத்தை விளக்காது கைநாட்டுப் பெறப்பட்டது. அப்பொழுது 'பெண் தொழிலாளர் தேசிய சம்மேளனம்' களத்தில் இறங்கியது. அதனை 1906இல் நிறுவிய மேரி மக்காதர் அவ்வூருக்கே வந்து தங்கிப் போராட்டத்தை நடத்தினார். பத்து வாரம் நீடித்த போராட்டத்தின் முடிவில், 1910 ஒக்டோபரில், கடைசி முதலாளியும் புதிய கூலிக்குக் கையெழுத்திட்டான். போராட்ட நிதியில் எஞ்சிய பணத்தைக் கொண்டு 1912இல் அவ்வூரிலே தொழிலாளர் மன்றம் ஒன்று கட்டப்பட்டது.

அப்பெண்கள் வீட்டை விட்டு ஆலைக்குச் சென்று விடுதலை அடையவில்லை. வீட்டில் இருந்தவாறே ஒன்றுபட்டனர். தனித்தனிக் கொல்லைகளில், தனித்தனி உலைகளின் முன்னால், ஒருவரையொருவர் காணாது உழைத்தவர்கள் ஒரே சங்கத்தில் இணைந்த அக்கணமே அவர்களது கூலி உயர்ந்தது. தமிழகத்தின் திருநெல்வேலிப் பகுதியில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 1966இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என ஏற்றுக்கொண்டது. 'அவர் தொழிலாளி' என்னும் அச்சொல்லைச் சட்டத்தில் ஏற்றுவதற்கே நெடுங்காலம் பிடித்தது.

தட்டச்சு ஒலியும் குழந்தையின் அழுகையும்

கணினியோடு கூடிய வீட்டுவேலையின் வரலாறு ஒரு பெண்ணிலிருந்து தொடங்குவதாகக் கூறினால் மிகையாகாது. 1939இல் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி, வியன்னாவிலிருந்து அகதிப் பிள்ளைகளை ஏற்றிவந்த புகையிரதத்திலே, தமக்கையுடன் இங்கிலாந்து வந்து சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி அவர். பின்னாளில் ஸ்டெஃபனி ஷேர்லி என அறியப்பட்டார். பிரித்தானிய அரசாங்க சேவையிலே திருமணமான பெண்களை விலக்கும் விதி 1946இல் நீங்கியிருந்தது. ஆயினும் திருமணமும் பிள்ளைப்பேறும் பெண்ணின் தொழில்வாழ்வை முடித்துவிடும் என்ற எண்ணம் நீங்கவில்லை. கணினிக் கட்டளைகளை எழுதுவதிற் கைதேர்ந்த பெண்கள் பலர் தாயானதும் வீட்டில் அடைந்தனர்.

1962இல் ஷேர்லி 6 பவுண் மூலதனத்துடன், தம் வீட்டிலிருந்தே, ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டிலிருந்த அத்தகைய பெண்களை அவர் அதிற் சேர்த்தார். அவர்களிடம் கணினி இருக்கவில்லை. தாளிலே பென்சிலால் கட்டளைகளை எழுதினர். அவை அஞ்சலிற் சென்றன. தொலைபேசி ஒன்றே அவர்களை இணைத்தது. முதல் 300 பணியாளரில் மூவரே ஆண்கள். கொன்கோட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான கட்டளை நிரலும் இவ்வாறு வீடுகளிலிருந்த பெண்களால் எழுதப்பட்டதேயாகும்.

அவர் தம் பெண்பெயரில் எழுதிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. 'ஸ்டீவ்' என ஆண்பெயரிற் கையொப்பமிட்டதும் கதவுகள் திறந்தன. வாடிக்கையாளருடன் தொலைபேசியிற் பேசும்பொழுது குழந்தையின் ஒலி கேட்காதவாறு, தட்டச்சுப் பொறி இயங்கும் ஓசையை ஒலிநாடாவிற் பதிந்து பின்னணியில் ஓடவிட்டார். வீட்டிலிருந்து செய்யும் தொழிலின் முரண்பாடு முழுவதும் இச்சிறு செய்தியில் அடங்கியுள்ளது. தொழிலை வீட்டுக்குள் வரவேற்க வேண்டும். வீடு இருப்பதாகவே காட்டிக்கொள்ளக்கூடாது! தொட்டிலை ஆட்டும் கையே நிரலையும் எழுத வேண்டும். ஆனால் தொட்டில் உலகின் செவிக்கு எட்டக்கூடாது.

எனினும் நாம் நியாயமாக மதிப்பிட வேண்டும். அறிவுத் தொழிலிலிருந்து விலக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பெண்களுக்கு இம்முயற்சி அத்தொழிலை மீட்டுக் கொடுத்தது. நிறுவனத்தின் பங்குகளில் கணிசமான பகுதியை ஷேர்லி பணியாளர் கைக்கு மாற்றினார். பின்னாளில் அவர்களுள் 70 பேர் மில்லியன் பவுண் சொத்துடையோராயினர். உழைப்பவர் தம் உழைப்பின் பயனிற் பங்கு பெற்றமையே இந்நிறுவனத்தை ஏனையவற்றினின்றும் வேறுபடுத்தியது. ஆனால், பெண்கள் வீட்டிலிருந்து உழைக்க நேர்ந்ததற்கான மூலகாரணம், அஃதாவது பிள்ளைப் பராமரிப்பு தாய் ஒருத்தியின் பொறுப்பே என்னும் நியதி, அங்கும் மாறவில்லை.

வழியிலே ஒரு தொழிற்களம்

1973இல் எண்ணெய் நெருக்கடி மூண்டது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜக் நில்ஸ் என்னும் அறிஞர், தொழிலாளி அலுவலகத்துக்குச் செல்வதற்குப் பதிலாக வேலையைத் தொலைத்தொடர்பு வழியே தொழிலாளியிடம் அனுப்பலாம் என்ற கருத்தை ஆராய்ந்து, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு புதுப்பெயரும் இட்டார். 1980இல் அல்வின் ரொஃப்லர் 'மூன்றாவது அலை' என்னும் நூலிலே, இலத்திரனியற் குடிசைகள் தோன்றும் என்றும், குடும்பம் மீண்டும் உற்பத்திக் கூடமாகும் என்றும் எதிர்வு கூறினார். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் இதனை ஐயத்துடன் நோக்கின. 1983இல் அந்நாட்டின் தொழிற்சங்கத் தலைமைச் சம்மேளனம் கணினிவழி வீட்டுவேலையைத் தடைசெய்யுமாறு கோரியது. தீப்பெட்டி ஒட்டிய, சட்டை தைத்த வீட்டறைகளின் நினைவு அவர்களுக்கு இருந்தது.

அதே 1983ஆம் ஆண்டில் ஸ்டீவன் றொபேட்ஸ் என்னும் எழுத்தாளர், சாய்ந்து அமர்ந்து ஓட்டும் ஒரு மிதிவண்டியில், சிறு கணினியொன்றுடனும் அதற்கு மின்னூட்டும் சூரியத் தகட்டுடனும் ஒஹையோ மாநிலத்திலிருந்து புறப்பட்டார். ஏறத்தாழப் 10,000 மைல் பயணம் செய்தவாறே, வழியிலுள்ள தொலைபேசிகள் மூலம் தம் கட்டுரைகளை அனுப்பி வாழ்க்கை நடத்தினார். 1997இல் ஜப்பானியப் பொறியியலாளர் சுகியோ மகிமொட்டோவும் டேவிட் மனெர்ஸும் 'டிஜிட்டல் நாடோடி' என்ற நூலை எழுதினர்; அப்பெயர் பின்னர் ஒரு வாழ்க்கை முறையின் பெயராயிற்று.

2020இற் பெருந்தொற்று உலகை முடக்கியபோது சுற்றுலா வருமானத்தை இழந்த பார்படோஸ், அவ்வாண்டு யூலையில், பிறநாட்டு நிறுவனங்களுக்காக உழைப்போர் பன்னிரண்டு மாதம் தங்கலாம் என அறிவித்தது. அறிமுகப்படுத்தியபோது விதிக்கப்பட்ட நிபந்தனை, ஆண்டுக்கு 50,000 டொலர் வருமானம். குடும்பத்துக்குக் கட்டணம் 3,000 டொலர். அடுத்த மாதமே எஸ்தோனியாவும் இத்தகைய விசாவை வழங்கத் தொடங்கியது. மாதம் 3,504 யூரோ வருமானம் அதன் எல்லைக்கோடாயிற்று. பல நாடுகள் பின்தொடர்ந்தன.

இப்புதிய நாடோடி கால்வாய்ப் படகுக்காரனின் வாரிசா? தோற்றத்தில் இருவரும் ஒன்றே: வீட்டையும் குடும்பத்தையும் தொழிலையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிச் செல்வோர். ஆனால் படகுக்காரன் வாடகை கொடுக்க இயலாமற் புறப்பட்டான்; இவரோ தம் நாட்டுச் சம்பளத்தைக் கொண்டு வேறொரு நாட்டின் வாடகையை எளிதிற் கொடுக்க இயன்றமையாற் புறப்படுகிறார். நாணய மதிப்பின் ஏற்றத்தாழ்வே இவரது சுதந்திரத்தின் அடித்தளம். 2023 ஏப்ரலில் லிஸ்பனிலும் ஏனைய போர்த்துக்கேய நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டு வாடகை உயர்வுக்கு எதிராக ஊர்வலம் சென்றனர். வாடகை உயர்வுக்குக் காரணங்கள் பல. உள்ளூர்ச் சம்பளத்தால் ஈடுகொடுக்க முடியாத வெளிநாட்டு வருமானம் நகரத்துள் நுழைந்தமை அவற்றுள் ஒன்று.

எமது நாட்டவருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. குடும்பத்தை விட்டுப் பிரிந்து மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் இலங்கைத் தாய்மாரை நாம் அறிவோம். அவர்களும் கடவுச்சீட்டோடு பயணம் செய்து உழைப்போரே. அவர்களும் தொலைபேசித் திரையின் வழியாகவே பிள்ளைகளோடு வாழ்வோரே. ஒருவர் தொழிலையும் பிள்ளைகளையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு உலகைச் சுற்றுகிறார். மற்றவர் பிறர் பிள்ளையைத் தாலாட்டுவதற்காகத் தம் பிள்ளையைப் பிரிகிறார். ஒரே விமானத்திற் செல்லும் இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரம், கணினியால் மட்டும் குறைக்கக்கூடியதன்று.

கணக்கில் ஏறாத உழைப்பு

சர்வதேச தொழில் அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெருந்தொற்றுக்கு முன்னரே, 2019இல், உலகில் ஏறத்தாழ 26 கோடி மக்கள் வீட்டிலிருந்து தொழில் செய்தனர். அவர்களில் 14 கோடி 70 இலட்சம் பேர் பெண்கள். இவர்களிற் கணினி முன் அமர்ந்தோர் ஒரு பகுதியினரே. பீடி சுற்றுவோரும் துணி தைப்போரும் இத்தொகையில் அடங்குவர். அதே அமைப்பு 2018இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, ஊதியமற்ற பராமரிப்பு உழைப்பின் மொத்த நேரத்தில் 76.2 வீதத்தைப் பெண்களே செய்கின்றனர் எனக் காட்டியது. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 'வீட்டிலிருந்து வேலை' என்ற தொடர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது புலனாகும். வீட்டுக்கு வந்த ஆண் அலுவலகத்தை விட்டு வந்தவன். பெண்ணோ ஒரு வேலைத்தலத்தை விட்டு இன்னொரு வேலைத்தலத்துக்கு வந்தவள். குடும்பம் ஊர் ஊராகச் செல்லும்போது, புதிய ஊரிலே பால் எங்கே கிடைக்கும், வைத்தியர் எங்கே இருக்கிறார், பிள்ளையின் பாடம் எவ்வாறு நடக்கும் என்று தேடுவதும் ஓர் உழைப்பே. அதனைச் செய்பவர் யாரென்று கேட்டாற் பயணத்தின் உண்மையான செலவு தெரியவரும்.

எமது ஆசிரியர்கள் இவ்வரலாற்றில் வெறும் பார்வையாளர் அல்லர். 2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபின், அவர்களின் வீடுகளே வகுப்பறைகளாயின. கைத்தொலைபேசியும் இணையக் கட்டணமும் பெரும்பாலும் அவர்களின் சொந்தச் செலவே. சமிக்ஞை கிடைக்காத மலைப்பகுதிக் கிராமங்களில் மாணவர் குன்றேறியும் மரமேறியும் பாடம் கேட்டனர். 2021 யூலையில், சங்கத் தலைவர்களின் கைதையும் நீண்டகாலச் சம்பள முரண்பாட்டையும் முன்னிட்டு, ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகின. ஒக்டோபர் வரை, ஏறத்தாழ நூறு நாள்கள், அப்போராட்டம் நீடித்தது. வாயிலில் மறியல் செய்வதற்கு வேலைத்தலம் இல்லாதபோதும், ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில் இருந்தபோதும், வேலைநிறுத்தம் செய்ய இயலும் என்பதை அவர்கள் நிறுவினர். கிறேட்லி ஹீத்தின் சங்கிலிப் பெண்கள் 1910இல் நிறுவியதும் இதனையே.

சட்டங்களும் மெல்ல அடியெடுத்து வைத்துள்ளன. 1996இல் சர்வதேச தொழில் அமைப்பு வீட்டுவேலையாளர் பற்றிய 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. 1972இல் அகமதாபாத்திலே எலா பட் நிறுவிய சுயதொழிற் பெண்கள் சங்கத்தின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. வீட்டிலிருந்து உழைப்பவர் ஏனைய கூலியாளருக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். ஆயின், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அதனை ஏற்றுக்கொண்ட நாடுகள் இருபதுக்கும் குறைவே. வேலைநேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. போர்த்துக்கல் 2021இல் இயற்றிய சட்டம், ஓய்வு நேரத்தில் தொழிலாளியைத் தொடர்புகொள்வதினின்றும் முதலாளியை விலக்கியது. வீட்டிலிருந்து வேலை செய்வதால் ஏற்படும் மேலதிகச் செலவை அவரே ஏற்க வேண்டும் என்றது. 8 வயது வரையான பிள்ளைகளையுடைய பெற்றோருக்குச் சில நிபந்தனைகளுடன் வீட்டிலிருந்து உழைக்கும் உரிமையையும் வழங்கியது.

இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? தொழில் எங்கே நடைபெறுகின்றது என்பது மட்டும் உழைப்பவரின் சுதந்திரத்தைத் தீர்மானிப்பதில்லை. குடிசைத் தறியும், மிதக்கும் படகும், கொல்லை உலையும் வீட்டோடு இணைந்தவையே. அவை உழைப்பவரை விடுவிக்கவில்லை. கூலியை நிர்ணயிப்பவர் யார், ஓய்வு நேரத்துக்கு உரிமையாளர் யார், பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் நியாயமான விடை கிடைத்த இடங்களிலேயே வீட்டுத்தொழில் நன்மை பயத்தது. முதல் இரண்டு வினாக்களைச் சங்கமும் சட்டமும் எதிர்கொள்ளும். மூன்றாவது வினா எமது சொந்தச் சமையலறைகளில் எழுவது. முற்போக்கான கருத்துகளை மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்பும் ஆண்மகன் அவ்வினாவுக்கு அளிக்கும் விடை, அவன் கழுவி வைக்கும் பாத்திரங்களிலும் அவன் ஆட்டும் தொட்டிலிலுமே தெரியும். அவ்விடை கிடைக்கும் வீட்டிலே, குழந்தையின் அழுகையை மறைப்பதற்குத் தட்டச்சு ஒலியைத் தேடவேண்டிய தேவை எவருக்கும் இராது.